ஒருவகைப் பறவை

தமிழ்ப் பாடத்திற்கென அச்சாகும் குறிப்பு நூல்களிலே அடிக்கடி தோன்றும் உரை ஒன்றுண்டு. அன்றில் என்றால் 'ஒருவகைப் பறவை'. குருகு என்றால் 'ஒருவகைப் பறவை'. மகன்றில் என்றால் அதுவும் 'ஒருவகைப் பறவை'. கூகை என்று வருமிடத்து மட்டும் சற்றுத் தாராளமாக 'ஆந்தை' என்று எழுதிவிடுவர். மாணாக்கன் அதனை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெறுகின்றான். அவன் வீட்டு வளவிலுள்ள மொட்டைப்பனையின் பொந்திலிருந்து இரவுதோறும் வெளிப்படுவது கூகையா, வேறோர் ஆந்தையா என்று அவனை எவரும் வினவுவதில்லை. கல்லூரியின் கட்டடங்களைப் பற்றியும் விளையாட்டு வெற்றிகளைப் பற்றியும் இம்மலரிலே பிறர் சிறப்புற எழுதியிருப்பர் என்ற துணிவினால், யாம் இச்சிறு பொருளை எடுத்துக்கொள்கின்றோம்.

வடபுலத்துப் பிள்ளைக்கு இவ்வேறுபாடு ஏட்டில் மட்டும் கிடப்பதன்று. வெண்முகமும் பொன்னிறம் விரவிய முதுகும் உடையது கூகை. கோவில், மடம், பழைய கட்டடம், பனம்பொந்து என்பன அதன் உறைவிடங்கள். இலங்கைத் தீவில் அது நெடுங்காலமாகப் பெரிதும் வடபகுதிக்கே உரிய பறவையாக அறியப்பட்டிருந்தது. தலையில் இரு சிறு தூவிகள் செவிபோல் நிமிர்ந்து நிற்கும் சிற்றாந்தை வேறு. குளத்தங்கரை மரங்களை விட்டு அகலாத மீனாந்தை வேறு. தமிழ்நாட்டு ஊர்களிலே பட்டப்பகலிலும் காணத்தக்க புள்ளியாந்தையோ நம் தீவில் வாழ்வதேயில்லை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே முப்பது கிலோமீற்றர் அளவான கடல்தான். கடவுச்சீட்டு வேண்டாத பிராணியாயினும் அஃது அக்கடலைக் கடந்து குடியேறவில்லை.

கூகையின் குரலைக் கேட்டால் சாவு வரும் என்று அஞ்சுவோர் இன்றும் நம்மிடையே உளர். அது தின்பதோ எலியை. விழுங்கிய எலியின் எலும்பையும் மயிரையும் உருண்டையாக்கி உமிழ்ந்துவிடும். அதன் உறைவிடத்தின் கீழே கிடக்கும் அவ்வுருண்டையொன்றை நீரில் ஊறவைத்துப் பிரித்தால், எலியின் மண்டையோடு பல்லுடன் வெளிப்படும். விஞ்ஞான ஆசிரியருக்கு இதனினும் மலிவான சாதனம் கிடையாது. வயலெலிக்கு நஞ்சு வைப்போர், நஞ்சுண்ட எலியைத் தின்னும் கூகையும் மடிகின்றது என்பதை எண்ணுவதில்லை. 1983 தொடக்கம் 2009 வரை நீடித்த போர்க்காலத்திலே எண்ணிறந்த பனைகள் தலையிழந்தன. அவற்றுட் பல பொந்து விழுந்து கிளிக்கும் மைனாவுக்கும் கூகைக்கும் வீடாயின. காணியைத் துப்புரவு செய்வோர் அவற்றை முதலில் வெட்டுகின்றனர். மொட்டைப்பனை அழகன்று என்பது மெய்யே. எனினும் வளவுக்கு ஒன்றை விட்டுவைத்தல் ஆகாதா?

மாரியில் மட்டும் வரும் ஆந்தையும் ஒன்றுண்டு. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வடகோடிப் புல்வெளிகளிலே குஞ்சு பொரித்துப் பனிக்காலத்தில் தெற்கே இறங்கும் குறுஞ்செவி ஆந்தை, அரிதாக நம் தீவையும் எட்டுகின்றது. அது மரத்தை நாடாது. திறந்த வெளியிலே புல்லிடையே நிலத்தில் இருக்கும். பொழுது சாயுமுன்னரே இரை தேடி எழும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியிலே, வெளியொன்றில் நண்பகலில் நிலத்திற் குந்தியிருந்த ஓர் ஆந்தையைக் கண்டதாக எம் வகுப்பு மாணாக்கர் இருவர் வந்து சொன்னார்கள். காகங்கள் அதனைச் சூழ்ந்து கரைந்தனவாம். பகலிலே காகம் கூகையை வெல்லும் என்று வள்ளுவர் கூறியது வெறும் உவமையன்று. காலைவேளையில் ஒரு மரத்தைச் சுற்றிக் காகங்கள் ஆரவாரித்தால் அங்கே ஆந்தையைத் தேடலாம். அன்று வழியே வந்த பெரியவர் சிலர், அது கேடென்று கல்லெறிந்தனர். பறவை எழுந்து தாழப் பறந்து மறைந்தது. நிறம் யாது, செவி தெரிந்ததா என்று யாம் வினவினோம். "ஆந்தை நிறம், சேர்" என்றான் ஒருவன். வடதுருவத்தை அடுத்த நாட்டிலிருந்து வந்த விருந்தாகவும் இருக்கலாம். பொந்து இழந்த நம்மூர்க் கூகையாகவும் இருக்கலாம். குறித்துவைக்கப்படாமையால் அச்செய்தி இன்று எவருக்கும் பயன்படாது.

ஏனைய விருந்தினரோ மறைந்து வருவனவல்ல. வாடைக்காற்று வலுக்குமுன்னரே அவை வந்துவிடுகின்றன. மண்டைதீவு வீதியிலும் தொண்டைமானாற்றுக் கடனீரேரியிலும் சரசாலைக் குருவிக்காட்டிலும் சுண்டிக்குளத்திலும் உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் ஊசிவால் வாத்துக்களும் பூநாரைகளும் திரள்வதை, பேருந்தில் இருந்தபடியே காணலாம். இமயத்து அடிவாரத்திலிருந்து வரும் ஆறுமணிக்குருவி வளவின் சருகைக் கிளறித் திரியும். மன்னாரிலே கருவி பொருத்தி விடப்பட்ட கடற்காகம் ஒன்று, 2021 ஆம் ஆண்டிலே சைபீரியாவின் யமல் தீபகற்பம் வரை பறந்து சென்றதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் பின்தொடர்ந்து அறிந்தனர். நேர்கோட்டில் அளந்தாலும் அவ்வழி ஏறக்குறைய 7000 கிலோமீற்றர்.

இத்தகைய பயணத்தை நம் முன்னோர் கருவியின்றியே நோக்கியிருந்தனர். செங்கால் நாரையைத் தூதுவிட்ட சத்திமுத்தப் புலவர், அது பெடையோடு தென்றிசைக் குமரியிலாடிப் பின் வடதிசைக்கு ஏகும் என அறிந்தே பாடினார். அதன் அலகுக்கு அவர் கூறிய உவமை பிளந்த பனங்கிழங்கு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அதனை விளக்க உரையாசிரியர் வேண்டா. கிழங்கு கிண்டும் மார்கழி, தை மாதங்களே நாரை வந்து நிற்கும் காலமும் ஆகும். மேலும், கோட்டான் என்பது ஆந்தைக்கும் பெயர். மாரியில் நம் கரைகளுக்கு வரும், நீண்டு வளைந்த அலகுடைய பறவைக்கும் பெயர். பின்னதைக் குதிரைமலைக் கோட்டான் என்பர். குதிரைமலை என்னும் முனை நம் தீவின் வடமேற்குக் கரையிலே உள்ளது. (பிசிராந்தையாரை எண்ணி நகைக்கும் மாணாக்கருக்கு ஒரு சொல்: ஆதன் தந்தை என்பதே ஆந்தையென மருவிற்று என்பர் இலக்கணநூலார். அங்கே பறவை யாதும் இல்லை.) இவ்வளவு நுட்பமாகப் பெயரிட்ட மொழியிலே 'ஒருவகைப் பறவை' என்று எழுதி அமைவது நமக்குத் தகுதியன்று.

பறவைகளைக் குறித்துவைப்போர் இந்நாட்டில் இல்லாமலில்லை. லெக் என்னும் இராணுவ அதிகாரி இலங்கைப் பறவைகளைப் பற்றிய தம் பெருநூலை 1880 ஆம் ஆண்டளவில் முடித்தார். ஹென்றியின் கைந்நூல் 1955 இல் வெளிவந்தது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நிகழ்கின்றது. ஆயின் இவற்றுள் எத்தனை, வடபுலத்து மாணாக்கர் தமிழிலே எழுதிய குறிப்பு? போர் ஆண்டுகளிலே வெளியார் வந்து நோக்குதல் அரிதாயிற்று. உள்ளே இருந்த நமக்கோ வேறு கவலைகள் இருந்தன. அவ்விடைவெளியை இனி நிரப்ப இயலாது. மன்னார்த் தீவிலே 30 காற்றாலைகள் கொண்ட மின்னிலையம் 2020 ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பெற்றது. பின்னர் மேலும் ஆலைகள் நாட்ட முற்பட்டபொழுது, பறவைகளின் வழி பற்றிய வாதம் நீதிமன்றம் வரை சென்றது. மின்சாரம் வேண்டாமென்று யாம் சொல்லவில்லை. எங்கே, எந்த மாதத்தில், எத்தனை பறவை என்று கேட்கும் சபையிலே, 'எங்கள் ஊரில் நிறைய வரும்' என்பது விடையாகாது என்றே சொல்கின்றோம்.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தாருக்கு எம் விண்ணப்பம் இது. விழா நிதியிலிருந்து வளைவொன்று கட்டும் எண்ணம் சிலருக்கு உண்டென அறிகின்றோம். வளைவு கட்டுக, அதன் செலவிலே மிகச் சிறு பங்கை ஒதுக்கி, தொலைநோக்குக் கண்ணாடிகள் நான்கும் தடித்த மட்டையிட்ட பதிவேடு ஒன்றும் கல்லூரிக்கு வாங்கித் தருக. கைத்தொலைபேசியிற் படம் எடுத்தோமே என்பர் மாணாக்கர். அத்தொலைபேசி பழுதாகும் நாளிலே படமும் போய்விடுகின்றது. பதிவேட்டில் நாள், நேரம், இடம், காற்றின் திசை, எண்ணிக்கை, கண்டவன் பெயர் ஆகியவற்றிற்கு ஒவ்வொரு நிரல் போதும். பறவையின் பெயருக்கு மட்டும் இரண்டு நிரல்கள் வேண்டும்: ஒன்று நூற்பெயர், மற்றது அவன் ஊரிலே பாட்டனும் பாட்டியும் வழங்கும் பெயர். வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவரும் தம் இளமையிலே எந்த வெளியில் எதைக் கண்டனர் என்று எழுதி அனுப்பலாம். ஆண்டு நினைவிருந்தால் அதனையும் சேர்த்தல் நன்று. அலுமாரியின் திறப்பைத் தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் மாறிமாறி வைத்திருக்கலாம். புரட்டாதி பிறக்குமுன் பதிவேடு ஆயத்தமாயிருத்தல் வேண்டும்; கரைப்பறவைகள் முதல் மழைக்குக் காத்திருப்பதில்லை.