பூட்டுப் போட்டால் புத்தி வருமா?

பிள்ளைகள் இணையத்திலும் கணினி விளையாட்டிலும் மூழ்கிக் கெட்டுப் போகிறார்கள், ஆகையால் சர்க்கார் உடனே தடைச் சட்டம் செய்ய வேண்டும் என்று பல தேசங்களில் கூச்சல் கிளம்பியிருக்கின்றது. பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றிச் சர்க்கார் கவலைப்பட வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் சட்டம் செய்துவிட்டாலே காரியம் முடிந்தது என்று நினைப்பது, மந்திரித்த கயிறு கட்டினால் காய்ச்சல் போய்விடும் என்று நினைப்பது போன்றதே என்போம்.

தென் கொரியாவின் அனுபவத்தைப் பாருங்கள். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நடு இரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடக் கூடாதென்று 2011ல் அங்கு சட்டம் அமலுக்கு வந்தது. நடந்தது என்ன? பிள்ளைகள் தாய் தகப்பன்மாருடைய பதிவு எண்ணைப் போட்டு உள்ளே நுழைந்தார்கள். கைப்பேசி விளையாட்டோ சட்டத்தில் அகப்படவே இல்லை. 2014ல் அரசியல் சட்ட நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்றது. 2021லோ, பிள்ளைகள் விரும்பும் மைன்கிராஃப்ட் விளையாட்டே இச்சட்டத்தின் பலனாய் 19 வயதானவர்களுக்கு மட்டும் என்றாகிவிட்ட வேடிக்கையும் நடந்தது. கடைசியில் 2022 ஜனவரியில் சட்டமே எடுபட்டது.

நிற்க, பிள்ளை ஏன் நடு இரவில் விளையாடுகிறான்? பகலெல்லாம் பள்ளிக்கூடம், பிறகு தனிப்பயிற்சிக் கூடம். அக்கூடங்களை இரவு 10 மணிக்காவது மூட வேண்டும் என்று சியோல் நகரில் விதியே செய்ய வேண்டியிருந்தது. 10 மணிக்கு வீடு திரும்புகிறவனுக்கு விளையாட வேறு எந்த நேரம் மிச்சம்?

விளையாடுகிறவரெல்லாம் நோயாளிகளுமல்ல. 2022ல் அமலுக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பட்டியலில், தன்னை அடக்க முடியாமை, மற்ற காரியங்களைவிட விளையாட்டே பெரிதாதல், கெடுதி கண்டும் விடாமை ஆகியவை சாதாரணமாய் 12 மாத காலம் இருந்தால்தான் நோய் என்கிறார்கள். அப்படிப்பட்டவனுக்கு வேண்டியது வைத்தியரும் ஆலோசகருமே ஒழிய பூட்டல்ல. கொரிய சர்க்கார் முஜூ என்னுமிடத்தில் பிள்ளைகள் தங்கிக் குணப்பட நிலையம் வைத்திருக்கிறதே, அதுவல்லவா மெச்சத்தக்கது?

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைக்க முடியாது. தவறினால் கம்பெனிக்கு 4 கோடியே 95 லட்சம் டாலர் வரை அபராதம். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தண்டனை இல்லை. பொறுப்பைச் சரக்கு விற்பவன் தலையில் வைத்ததை வரவேற்கின்றோம். ஆனால் 16 வயது நிறைந்த மறுநாள் அவன் கையில் விழுவது அதே சரக்குத்தானே? முடிவில்லாமல் ஓடும் திரையும், தானே தொடங்கும் படமும், இரவிலும் கூப்பிடும் மணியும், விளம்பர வருமானத்துக்காக ஆளைப் பிடித்து வைக்கச் செய்யப்பட்டவையல்லவா?

ஆகவே தோழர்களே, தடை கேட்பவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கம்பெனியின் அந்தத் தந்திரங்களை நிறுத்த உங்கள் சட்டத்தில் என்ன வழி? பிள்ளை விளையாடவும் தூங்கவும் பகலிலும் இரவிலும் எத்தனை மணி விட்டிருக்கிறீர்கள்? நோயுற்ற ஏழைப் பிள்ளைக்கு இலவச வைத்தியர் எங்கே? இம்மூன்றுக்கும் பதில் இல்லாத சட்டம் பெற்றவர்களை ஏமாற்றத்தான் உதவும்.