காரின் தோலுக்கு நான்கரை இலட்சம்

அண்மையில் மாமா கார் வாங்கினார். ஓய்வுபெற்ற ஆசிரியர். பணிக்கொடை, சேமிப்பு, மீதிக்கு லீசிங் என்று மூன்றையும் கூட்டி, ஜப்பானிலிருந்து வந்த 660 சிசி கார் ஒன்றை 72 இலட்சம் ரூபாவுக்கு எடுத்தார். மூன்றாம் நாளே அதற்குப் ‘பிபிஎஃப்’ ஒட்ட வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். பெயின்டுக்கு மேலே ஒட்டும், கண்ணுக்குத் தெரியாத பாதுகாப்புப் படலம் அது. முழுக் காருக்கும் நான்கரை இலட்சம் ரூபா என்றார் கடைக்காரர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமா அசையவில்லை. “பிள்ளை, வங்கியில போட்ட காசுக்கு 2022இல என்ன நடந்தது எண்டு நான் பாத்தனான். பக்கத்து வீட்டுக்காரன்ர பழைய காருக்கு என்ன நடந்தது எண்டும் பாத்தனான்” என்றார்.

அவருடைய கணக்கில் நியாயம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபாவளவில் இருந்த டொலர், இரண்டே மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. நிலையான வைப்பில் கிடந்த பணம் கரைந்துபோக, வீட்டு முற்றத்தில் நின்ற பழைய கார்களின் விலை ஏறியது. உலகம் முழுவதும் கார் என்பது ஓட ஓட விலை குறையும் பொருள். இங்கே அது சேமிப்புப் புத்தகமாக மாறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபோதும் அந்த எண்ணம் போகவில்லை. காரணம், வரி. சுங்கத் தீர்வை, அதற்கு மேலதிகக் கட்டணம், உற்பத்தி வரி, 18 வீத பெறுமதி சேர் வரி என்று அடுக்கினால், பல கார்களுக்கு ஜப்பானில் கொடுத்த விலையைவிட இங்கே கட்டும் வரி அதிகம். மாமா படலம் ஒட்ட நினைப்பது தகரத்துக்கு மட்டுமல்ல, திறைசேரிக்குக் கட்டிய வரிக்கும் சேர்த்துத்தான்.

படலம் என்ன செய்யும்?

வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகொப்டர் விசிறிகளை மணலிலிருந்தும் கல்லிலிருந்தும் காக்க உருவான தொழில்நுட்பம் இது. இன்றைய நல்ல படலங்கள் ‘டிபியூ’ எனப்படும் பொலியூரித்தேன் வகை. தடிப்பு 150 முதல் 200 மைக்ரோன் வரை. காரின் தொழிற்சாலைப் பெயின்ட் எல்லாப் பூச்சும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன்தான். அதாவது பெயின்டைவிடத் தடித்த ஒரு தோல். முன்னால் போகும் லொறி தெறிக்கும் கல், காக எச்சம், துடைக்கும்போது விழும் மெல்லிய கீறல் ஆகியவற்றை அது தாங்கும். மேற்பரப்பில் விழுந்த சிறு கீறல்கள் வெயிற் சூட்டில் தாமாகவே மறையும். சில மைக்ரோன் மட்டுமே வரும் செரமிக் பூச்சு கல்லடியைத் தாங்காது. இரண்டையும் ஒன்றென்று சொல்லி விற்பவர்களிடம் கவனம் தேவை.

யாழ்ப்பாணக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். காரைக் கழுவிவிட்டுத் துடைக்காமல் வெயிலில் விட்டால் வெள்ளைப் புள்ளி படியும். அது படலத்திலும் படியும். முச்சக்கரவண்டி உரசினால் படலம் கிழியும், நெளிவைத் தடுக்காது. மலிவான ‘பிவிசி’ படலங்கள் நமது வெயிலுக்கு விரைவில் மஞ்சளாகி இறுகிவிடும்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

நல்ல படலத்துக்கு ஏழு வருட ஆயுள் என்று வைத்தால், மாமாவுக்கு வருடத்துக்குச் சுமார் 64,000 ரூபா செலவு. தெரிந்த கராஜ் ஒன்றில் கேட்டேன். ஒரு பகுதிக்கு மீள்பெயின்ட் அடிக்க 25,000 ரூபா என்றார்கள். நான்கரை இலட்சத்துக்குப் பதினெட்டுப் பகுதிகள். முழுக் காரையும் ஒருமுறை அடித்து முடித்தாலும் காசு மிஞ்சும்.

ஆனால் மீள்பெயின்ட் அடித்த கார் சந்தையில் வேறு விலை. “ஒரிஜினல் பெயின்ட்” என்ற சொல் நமது விற்பனை விளம்பரங்களில் சும்மா வருவதில்லை. பெயின்ட் அடித்தால் விபத்தில் சிக்கிய காரோ என்று வாங்குபவர் சந்தேகப்படுவார். ஆகவே கேள்வி இதுதான்: அந்தச் சந்தேகத்துக்காக வாங்குபவர் குறைக்கும் தொகை, படலத்தின் விலையைவிட அதிகமா? ஒன்றரைக் கோடி ரூபா காருக்கு இருக்கலாம். 72 இலட்சம் ரூபா காருக்கு, அதுவும் லீசிங் வட்டி கட்டிக்கொண்டு, இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான்கரை இலட்சம் என்பது கார் விலையில் ஆறு வீதத்துக்கு மேல். அதை விற்கும்போது தனியாகத் திருப்பித் தருவதற்கு எந்த வாங்குபவரும் காத்திருப்பதில்லை.

பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. காரின் விலையை உயர்த்தி வைத்திருப்பது வரி. அந்த வரியை ஒரு வர்த்தமானி அறிவித்தல் ஒரே இரவில் கூட்டலாம், குறைக்கலாம். குறைத்தால், பளபளவென்று நிற்கும் காரும் கீறல் விழுந்த காரும் சேர்ந்தே விலை இறங்கும். படலம் கல்லடியிலிருந்து காக்கும். கொள்கை மாற்றத்திலிருந்து காக்காது. மக்கள் தங்கள் சேமிப்பை நம்பி வைக்க வங்கியை விட்டுக் காரைத் தேடுகிறார்கள் என்பதில்தான் உண்மையான நோய் இருக்கிறது.

ஒட்டத்தான் வேண்டும் என்பவர்கள் மூன்றைக் கேளுங்கள். ஒன்று, படலம் டிபியூவா என்பதையும் உத்தரவாதம் யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இரண்டு, பாவித்த காரென்றால் பெயின்ட் தடிப்பை முதலில் அளந்து பாருங்கள்; மீள்பெயின்ட் அடித்த இடத்திலிருந்து படலத்தை உரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து வரலாம். மூன்று, விபத்தில் பம்பர் மாற்றினால் அதிலிருந்த படலத்துக்கும் காப்புறுதி பணம் தருமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கடைசியில் மாமா பொனட், முன் பம்பர், பக்கக் கண்ணாடிகள், கதவுக் கைபிடிக் குழிகள் ஆகியவற்றுக்கு மட்டும் ஒட்டினார். ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபா முடிந்தது. கல்லும் நகமும் அதிகம் படும் இடங்கள் அவைதான். மீதிப் பணத்தில் லீசிங்கின் சில மாதத் தவணைகளை முற்கூட்டியே கட்டிவிட்டார். இப்போது முற்றத்தில் காருக்கு மேல் கூடாரத் துணி கட்டியிருக்கிறார். காகம் மட்டும் இன்னும் வருகிறதாம்.