விடைபெறும் தளபதிக்கு என்ன மரியாதை?

ராணுவத்தில் ஒரு தளபதியை வழியனுப்பும் விதமே தனி. பூமாலை சுற்றிய திறந்த ஜீப்பில் அவர் நிற்பார். வண்டியின் இன்ஜின் ஓடாது. அதுவரை அவர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு நின்றவர்களே கயிறு கட்டி வண்டியை வாசல்வரை இழுத்துச் செல்வார்கள். பாண்டு வாத்தியம் முழங்கும். பார்ப்பவர் கண் கலங்கும். பிறகு வாழ்த்துரைகள், நினைவுப் பரிசு. அதோடு கதை முடிந்தது. பதவியில் இருந்தபோது அவர் என்ன சொன்னார் என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

இந்தக் கேள்வியோடு கழக்கூட்டத்துக்குப் போகலாம். திருவனந்தபுரத்தை ஒட்டிய இந்த ஊரை இன்று டெக்னோபார்க்கை வைத்துத்தான் பலருக்கும் தெரியும். ஆனால் கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1962 ஜனவரி 26 அன்று, இங்கே சைனிக் பள்ளி தொடங்கப்பட்டது. ராணுவ அதிகாரிகளின் வரிசையில் எல்லா மாநிலங்களுக்கும், சாதாரணக் குடும்பங்களுக்கும் இடம் வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் கண்ட கனவு இது. அதே ஆண்டு ஜூலையில் நம் உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதிநகரிலும் ஒரு சைனிக் பள்ளி வந்தது.

அந்தக் கனவு பலித்தது என்பதற்கு 2018 மே 31 சாட்சி. ராணுவத்தின் துணைத் தலைமைத் தளபதி பதவியிலிருந்து அன்று ஓய்வு பெற்ற லெப்டினன்ட் ஜெனரல் சரத் சந்த், கழக்கூட்டம் பள்ளியின் பழைய மாணவர். 1979ல் கர்வால் ரைபிள்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தவர். மறுநாள் அந்த நாற்காலியில் அமர்ந்த லெப்டினன்ட் ஜெனரல் தேவராஜ் அன்பு, அமராவதிநகர் மாணவர். மலையாளியிடமிருந்து தமிழருக்கு, ஒரு சைனிக் பள்ளியிடமிருந்து இன்னொரு சைனிக் பள்ளிக்குப் பொறுப்பு கைமாறியது. இரு மாநிலங்களும் பெருமைப்பட்டிருக்க வேண்டிய நாள். பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

ஆனால் சரத் சந்த் நினைக்கப்பட வேண்டியது பதவிக்காக அல்ல. ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் பேசிய பேச்சுக்காக. பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் முன் ராணுவத்தின் நிலையை அவர் எடுத்து வைத்தார். 2018 மார்ச்சில் குழுவின் அறிக்கை வெளியானபோது அது வெளியே தெரிந்தது. ராணுவத்தின் தளவாடங்களில் 68 சதவீதம் பழங்காலத்தவை. 24 சதவீதம் இக்காலத்தவை. அதிநவீனமானவை வெறும் 8 சதவீதம். ஒரு நல்ல ராணுவத்தில் இவை மூன்றும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருக்கவேண்டும் என்றார். நவீனமயத்துக்கு ஒதுக்கப்பட்டது 21,338 கோடி ரூபாய். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட 125 திட்டங்களுக்கும் அவசரக் கொள்முதல்களுக்கும் கட்டவேண்டிய பாக்கியோ 29,033 கோடி. அதாவது, பழைய கடனைத் தீர்க்கவே பணம் போதாது.

எந்த ஜெனரல்தான் பணம் போதும் என்று சொன்னார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அதே கஜானாவை நம்பித்தான் இருக்கின்றன. ராணுவச் செலவில் பெரும் பகுதி சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போவதும் உண்மை. எதற்கு எவ்வளவு என்று முடிவு செய்யவேண்டியது மக்கள் தேர்ந்தெடுத்த அரசுதான், தளபதி அல்ல. ஆனால் அவர் மேடையில் முழங்கவில்லை. பேட்டி கொடுக்கவில்லை. சொல்லவேண்டிய இடத்தில், கேட்கவேண்டியவர்களிடம், எண்களோடு சொன்னார். ஜனநாயகத்தில் சீருடைக்குள்ள உரிமை அவ்வளவுதான். கடமையும் அதுதான்.

அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் பி.சி. கந்தூரி. அவரும் ஓய்வு பெற்ற மேஜர் ஜெனரல். ஆளும் கட்சி எம்.பி. குழுவின் அறிக்கையும் அரசைக் கடிந்துகொண்டது. 2018 செப்டம்பரில் தலைவர் பொறுப்பில் அவருக்குப் பதிலாக வேறொருவர் வந்தார். 2020 ஜூனில் கல்வானில் 20 வீரர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகு முப்படைகளுக்கும் அவசரக் கொள்முதல் அதிகாரம் அவசர அவசரமாகத் தரப்பட்டது. லடாக் குளிரைத் தாங்கும் உடைகள் அமெரிக்காவிலிருந்து தருவிக்கப்பட்டன.

இதில் ஒரு பழைய கதையின் சாயல் தெரிகிறது. 1959ல் கிருஷ்ண மேனனோடு ஒத்துப்போகாமல் ராஜினாமா கடிதம் கொடுத்தவர் தலைமைத் தளபதி திம்மய்யா. நேரு கேட்டுக்கொண்டதால் கடிதத்தைத் திரும்பப் பெற்றார். 1961ல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு சீனப் போர். போதுமான ஆயுதமும் குளிருக்கேற்ற உடையும் இல்லாமல் இமயத்துக்கு அனுப்பப்பட்ட வீரர்களின் கதை நாடறிந்தது. 1962 நவம்பரில் மேனன் அமைச்சரவையை விட்டே விலக நேர்ந்தது. கழக்கூட்டம் பள்ளிக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. அவர் கனவு கண்ட பள்ளியில் படித்த ஒருவர், 56 ஆண்டுகள் கழித்து, தளவாடம் போதவில்லை என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொல்ல வேண்டியிருந்தது.

எல்லாருக்கும் மாலை சுற்றிய ஜீப் கிடைப்பதில்லை. கேப்டன் ஆர். ஹர்ஷனும் கழக்கூட்டத்தில் படித்தவர்தான். 2007 மார்ச் 20 அன்று காஷ்மீரின் லோலாப் பள்ளத்தாக்கில் தீவிரவாதிகளுடன் நடந்த மோதலில், தன் குழுவை முன்நின்று நடத்தி உயிர்விட்டார். வயது 26. மறு ஆண்டு குடியரசு தினத்தில் அசோக சக்ரா அறிவிக்கப்பட்டது. ஜெனரல்கள் பெரும்பாலும் வீடு திரும்புகிறார்கள். கேப்டன்கள் சில சமயம் திரும்புவதில்லை. டெல்லியில் ஒரு ஜெனரல் தயங்காமல் பேசவேண்டும் என்பது இவர்களுக்காகத்தான்.

மலையாளத்தில் பிரிவு உபசாரத்தை 'யாத்ரயயப்பு' என்கிறார்கள். பயணம் அனுப்பிவைத்தல் என்று பொருள். ஒரு தளபதியை அனுப்பிவைக்கும்போது அவர் சொன்னதையும் சேர்த்து அனுப்பிவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. மாலையும் அணிவகுப்பும் இருக்கட்டும். அவர் கொடுத்த கணக்கு ஆண்டுதோறும் நிலைக்குழுவின் மேஜைமீது வரட்டும். 68 என்ற எண் எவ்வளவு குறைந்தது என்று எம்.பி.க்கள் கேட்கட்டும். ஜீப்பை இழுத்த கைகள் மறுநாள் காலை எந்த ஆயுதத்தைத் தூக்குகின்றன என்பதுதான், போனவருக்கு நாம் தந்த மரியாதையின் அளவு.