புளியமரத்தில் அறைந்த முடி

செஞ்சிக்கு வெளியூர்க்காரர்கள் இரண்டு காரணங்களுக்காக வருகிறார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் வளைத்து நிற்கும் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு வகை. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய கோட்டை அது. அமாவாசை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பையும் எலுமிச்சை மாலையுமாக நிற்கிறவர்கள் இன்னொரு வகை. இவர்கள் கோட்டையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இவர்கள் போகவேண்டிய இடம் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மேல்மலையனூர்.

பிரம்மனின் தலையைக் கொய்த பாவத்தால் சிவனின் கையில் ஒட்டிக்கொண்ட கபாலத்தை விடுவித்தவள் மேல்மலையனூர் அங்காளம்மன் என்கிறது தலபுராணம். ஈசன் கையிலிருந்தே இறங்காத ஒன்றை இறக்கிவிட்டவள் என்பதாலோ என்னவோ, மனசை விட்டு இறங்காத ஒன்றைச் சுமப்பவர்களை இங்கே அழைத்து வருகிறார்கள். நள்ளிரவு ஊஞ்சல் உற்சவம் பார்க்க வரும் கூட்டத்தின் ஓரத்தில், அம்மாவும் அத்தையும் இரண்டு பக்கமும் பிடித்திருக்க, எங்கேயோ பார்த்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு மானுடவியலாளர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். பின்னாளில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த இசபெல் நபோகோவ், 1990களின் தொடக்கத்தில் செஞ்சி வட்டாரத்தில் தங்கிச் சாமியாடிகளையும் பேயோட்டுகிறவர்களையும் கவனித்தார். 2000இல் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் வெளியிட்ட அவருடைய புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் ‘சுயத்துக்கு எதிரான சமயம்’ என்று சொல்லலாம். நம் ஊர்ச் சடங்குகளைப் பற்றி வெளிநாட்டினர் எழுதும் புத்தகங்களில் ‘ஆஹா, என்ன அழகான மரபு’ என்ற தொனி நிறையவே இருக்கும். இந்தப் புத்தகத்தில் அது குறைவு.

அவர் விவரிக்கும் காட்சி இது. கல்யாணமாகி அதிக காலம் ஆகாத ஒரு பெண். யாரோடும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, புருஷனைக் கண்டால் மிரள்கிறாள், தாய்வீட்டுக்கு ஓடி வந்துவிடுகிறாள். பேய் பிடித்திருக்கிறது என்று முடிவாகிறது. பம்பைக்காரர்கள் வருகிறார்கள். பம்பை முழங்க முழங்க, பாட்டு ஏற ஏற, அவள் தலை சுழல்கிறது. பிறகு விசாரணை. நீ யார்? ஆணா, பெண்ணா? எந்த ஊர்? எப்படிச் செத்தாய்? இவளை எங்கே பிடித்தாய்? அவள் வாய் பதில் சொல்கிறது. பேசுவது பேய் என்று சுற்றி நிற்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பதில்களில் திரும்பத் திரும்ப ஒரே வார்ப்பு. காதல் கைகூடாமல் உயிரை மாய்த்துக்கொண்ட வாலிபன். ஆளில்லாத இடத்தில் அவள் தனியாகப் பயந்தபடி போனபோது தொற்றிக்கொண்டவன். கடைசியில் பேய் போய்விடுவதாகச் சத்தியம் செய்ய வேண்டும். அது குடியிருப்பதாகச் சொல்லப்படும் முடிக்கற்றையைப் பிடித்துக்கொள்கிறார்கள். கனமான கல்லைச் சுமந்துகொண்டு அவள் புளியமரத்தை நோக்கி ஓடுகிறாள். கல் கீழே விழுகிறது. முடியை அறுத்து ஆணியால் மரத்தில் அறைகிறார்கள். பேய் மரத்தோடு நின்றுவிட்டது. பெண் புருஷனோடு வீட்டுக்குப் போகலாம்.

ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. எவ்வளவு வேகமான சிகிச்சை!

பேயாட்டத்தைப் பற்றி அறிஞர்கள் பலர் முன்பே ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். பெண் தன் வாயால் சொல்ல முடியாததைப் பேயின் வாயால் சொல்லிக்கொள்கிறாள், அது ஒரு வடிகால், மறைமுகமான எதிர்ப்பு என்று. பிரிட்டிஷ் மானுடவியலாளர் ஐ.எம்.லூயிஸ் 1971இல் எழுதிய புத்தகம் இந்தக் கருத்தைப் பரவலாக்கியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நபோகோவ் அதை ஏற்கவில்லை. அங்கே ஒலிப்பது அந்தப் பெண்ணின் கதையே இல்லை என்பது அவர் வாதம். கேள்வியிலேயே பதிலின் அச்சு இருக்கிறது. புகுந்த வீட்டில் அவளுக்கு என்ன நடந்தது, எதைக் கண்டு மிரள்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை. உன்மேல் இருக்கும் ஆண் யார் என்றுதான் கேட்கிறார்கள். அவள் ஒதுங்கி நிற்பதற்கு, செத்துப்போன ஒருவனோடு அவளுக்கு இருக்கும் கள்ள உறவு என்று காரணம் வந்துவிடுகிறது. அவனை விரட்டிவிட்டால் மிஞ்சுவது மனைவி. அவ்வளவுதான் தேவைப்பட்டது, குடும்பத்துக்கு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மனைக் கும்பிட்டு ஆறுதலோடு திரும்புகிறவர்கள் ஏராளம். அந்த ஆறுதல் பொய்யில்லை. கேள்வி அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகிறது என்பதுதான்.

படித்தவர்கள் இதை வாசித்துவிட்டு ‘இன்னுமா இப்படி?’ என்று உச்சுக்கொட்டலாம். அதற்கு முன் கையில் இருக்கும் போனைக் கொஞ்சம் பார்ப்பது நல்லது. ‘ஒரே அமர்வில் மனக்காயத்திலிருந்து விடுதலை’, ‘பத்தே நிமிடத்தில் பயம் போகும்’ என்று எத்தனை விளம்பரங்கள். புருவம், கன்னம், கழுத்தெலும்பு என்று விரலால் தட்டிக்கொண்டால் துயரம் கரையும் என்கிறது ஒன்று. கண்ணை மூடவைத்து முற்பிறவிக்கே கூட்டிப்போகிறது இன்னொன்று. பம்பை இல்லை, எலுமிச்சை இல்லை. ஏசி அறை இருக்கிறது, சுவரில் சான்றிதழ் தொங்குகிறது. ‘போன ஜென்மத்தில் நீ நீரில் மூழ்கிச் செத்தாய், அதனால்தான் இந்தப் பயம்’ என்று கேட்டு வருகிற பெண்ணும் அடுத்தவர் அச்சில் வார்த்த கதையோடுதான் வீடு திரும்புகிறாள்.

வேகமான முறைகள் எல்லாமே ஏமாற்று என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. அமெரிக்காவின் பிரான்சின் ஷபிரோ 1987இல் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, கண்கள் இடமும் வலமும் அசையும்போது உறுத்தும் நினைவின் வலி குறைவதைக் கவனித்தார். அதிலிருந்து அவர் உருவாக்கிய கண்ணசைவுச் சிகிச்சையைத் தொடக்கத்தில் பலர் கேலி செய்தார்கள். 2013இல் உலக சுகாதார நிறுவனம், மனஅதிர்ச்சிக்குப் பிறகு வரும் நோய்க்குப் பரிந்துரைத்த முறைகளில் அதுவும் இடம்பெற்றது. கண்ணசைவுக்கென்று தனிப் பலன் உண்டா என்பதில் ஆய்வாளர்களுக்குள் தகராறு தீரவில்லை. ஆனால் அந்தச் சிகிச்சையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பாதிக்கப்பட்டவர் எந்த நினைவு என்பதைத் தானே தேர்ந்தெடுக்கிறார். அதை மனசில் நிறுத்திக்கொள்கிறார், அடுத்து என்ன தோன்றுகிறது என்று தானே சொல்கிறார். சிகிச்சையாளர் கதை எழுதுவதில்லை. சில வாரங்களில், சில மாதங்களில் முடிகிற சிகிச்சைதான். அதற்குள் அந்த மனிதரே அந்த நினைவின் உள்ளே போய்விட்டு வந்திருக்கிறார்.

எதிர்ப்பக்கமும் சுத்தமில்லை. உன்னை நீயே ஆழமாகத் தோண்டிப் பார், பல வருஷம் ஆனாலும் பரவாயில்லை என்று சொல்கிறவர்கள் 1980களிலும் 1990களிலும் அமெரிக்காவில் செய்த அனர்த்தம் கொஞ்சநஞ்சமில்லை. மறந்துபோன சிறுவயது வன்கொடுமையை ‘மீட்டெடுக்கிறோம்’ என்று சில சிகிச்சையாளர்கள் மாதக்கணக்கில் துருவித் துருவிக் கேட்டதில், நடக்காத சம்பவங்கள் பலருக்கு நினைவாகவே முளைத்தன. குடும்பங்கள் நீதிமன்றம் வரை போயின. உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995இல் வெளியிட்ட ஒரு சோதனையில், சிறுவயதில் கடைத்தெருவில் தொலைந்துபோனதாக 24 பேரிடம் பொய்யாக ஒரு சம்பவம் சொல்லப்பட்டது. கால்வாசிப் பேர் அதை முழுவதுமாகவோ அரைகுறையாகவோ தங்கள் நினைவாக ஏற்றுக்கொண்டார்கள். கேட்கிறவர் பதிலை முன்பே வைத்திருந்தால், சாய்வு நாற்காலியும் புளியமரத்தடி ஆகிவிடுகிறது.

காயம் பச்சையாக இருக்கும்போதே ‘பேசு, பேசு, கொட்டித் தீர்த்துவிடு’ என்று நெருக்குவதிலும் ஆபத்து இருக்கிறது. விபத்து நடந்த சில நாட்களுக்குள் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேசவைக்கும் முறை 1980களிலிருந்து மேலைநாடுகளில் பரவியது. பிரிட்டனில் தீக்காயம் பட்டவர்களிடம் செய்த ஒரு பரிசோதனையின் முடிவு 1997இல் வந்தது. 13 மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, அப்படிப் பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவிகிதம் பேருக்கு மனஅதிர்ச்சி நோய் இருந்தது. பேசவைக்கப்படாதவர்களில் 9 சதவிகிதம்தான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் ஊர்க்காரர்களையே பக்கத்தில் இருந்து துணைசெய்யப் பயிற்றுவித்தது. இன்று உலக சுகாதார நிறுவனம் முதலுதவி என்று சொல்வதும் பெரிய வித்தை எதுவுமில்லை. சாப்பாடு, பாதுகாப்பு, சொந்தக்காரர்களோடு சேர்த்துவைப்பது, அவர்களாகப் பேசினால் கேட்பது.

வெறுமனே இருக்க இடம் கொடுப்பதன் பலனுக்கு, கோயில் ஒன்றே சாட்சி. தமிழகத்தின் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கிய, கடுமையான மனநோய் உள்ள 31 பேரை மனநல மருத்துவர் ரகுராமும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அங்கே பேயோட்டுவதில்லை, சிறப்புச் சடங்கு என்று எதுவும் இல்லை. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். வீட்டார் ஒருவர் கூடவே இருந்தார். முடிந்தால் கோயிலைக் கூட்டிப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது என்று சின்ன வேலைகள். நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவிகிதம் குறைந்திருந்தது. மனச்சிதைவு வேறு, மனக்காயம் வேறு. இரண்டையும் குழப்பக் கூடாது. ஆனாலும் மேல்மலையனூரில் ஒரு ராத்திரியில் முடிப்பதற்கும் இங்கே ஆறு வாரம் யாரும் அவசரப்படுத்தாமல் இருப்பதற்கும் உள்ள தூரம் கவனிக்க வேண்டியது.

செஞ்சிப் பக்கத்துப் பெண்களுக்குத் தங்கள் கதையைத் தாங்களே சொல்ல ஓர் இடம் இருக்கத்தான் செய்தது. அதையும் நபோகோவ்தான் எழுதினார், பின்னாளில் இசபெல் கிளார்க்-டெசே என்ற பெயரில். 2005இல் வந்த அந்தப் புத்தகத்தின் தலைப்பே ‘இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை’ என்ற பொருள்படும். சாவு வீட்டில் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கும் பெண்கள் போனவருக்காக மட்டும் அழுவதில்லை. பிறந்த வீடு கைவிட்டது, புகுந்த வீடு படுத்தியது, பிள்ளை இல்லாதது என்று தங்கள் குறையைத்தான் அழுகிறார்கள். நம் பாட்டிகளைக் கேட்டாலே இதைச் சொல்வார்கள். அங்கே யாரும் குறுக்கே கேள்வி கேட்பதில்லை, அழுது முடிக்கும்வரை யாரும் கையை உருவிக்கொள்வதில்லை. ஊருக்கு ஊர் இப்போது ஃப்ரீசர் பாக்ஸும் ஸ்பீக்கரில் பக்திப் பாட்டுமாக ஆகிவிட்ட பிறகு அந்த இடமும் சுருங்கிக்கொண்டே வருகிறது.

சரி, மேல்மலையனூர் பஸ்ஸுக்கு நிற்கும் அந்தத் தாய் என்ன செய்வாள்? அவளைக் குறை சொல்வது சுலபம். அமாவாசைக்கு ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், அவ்வளவுதான். மனநல மருத்துவர் என்றால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி அல்லது புதுச்சேரி ஜிப்மர். அங்கே ஒருதரம் போனால் முடிவதில்லை, திரும்பத் திரும்பப் போக வேண்டும். பொண்ணுக்குப் பைத்தியமா என்று ஊர் கேட்கும். பேய் பிடித்தது என்றால் அந்தக் கேள்வி வராது. பழி பேய்மேல் போய்விடும். வேகமும் மலிவும் மானமும் சேர்ந்து கிடைக்கிற இடத்துக்குத்தான் மனுஷர்கள் போவார்கள்.

ஆனால் போவதற்கு முன்னால் வீட்டில் ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டாக வேண்டும். அவளைப் பயமுறுத்துவது நடந்து முடிந்ததா, இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா? புகுந்த வீட்டில் அடியோ வற்புறுத்தலோ தொடர்ந்துகொண்டிருந்தால், கல்லைச் சுமக்கவைத்தாலும் கண்ணை அசைக்கவைத்தாலும் பலன் ஒன்றுதான். குணமாக்கி அனுப்புவது என்றால் அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதாகிவிடும். அந்த நிலையில் முதலில் தேவை 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும், பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணும். சிகிச்சை அதற்கப்புறம். அவளுக்குப் பதினெட்டு வயசே ஆகவில்லை என்றால் 1098.

நடந்து முடிந்த காயம் என்றால், 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலிமானஸ் சேவை 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. எங்கே போக வேண்டும் என்றும் அவர்களே சொல்வார்கள். எந்தச் சிகிச்சையாளரிடம் போனாலும் முதல் சந்திப்பிலேயே கவனிக்க வேண்டியது, அவர் எவ்வளவு நேரம் பேசுகிறார், பெண்ணை எவ்வளவு நேரம் பேசவிடுகிறார் என்பதை. எத்தனை அமர்வு ஆகும், எதற்காக என்று கேட்டால் முகம் சுளிக்காமல் விளக்க வேண்டும். ஒரே அமர்வில் முடித்துவிடுவேன் என்று சத்தியம் செய்கிறவரிடமும், எத்தனை வருஷம் என்றே சொல்லாமல் காசு வாங்கிக்கொண்டிருப்பவரிடமும் எழுந்து வந்துவிடலாம்.

போனில் பேச அவளுக்கு ஒரு போனும், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையும் வேண்டும். புகுந்த வீட்டில் புது மருமகளுக்கு இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். தாய்வீட்டுக்கு ஓடி வந்த அன்றைக்கு இரண்டும் கிடைக்கலாம். அன்றைக்குத்தான் வீட்டில் எல்லோரும் காலண்டரைப் புரட்டி, அடுத்த அமாவாசை என்றைக்கு என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.