பரண் வீட்டுக்கு லட்ச ரூபாய்

ஊரில் பரண் என்றால் பழைய அண்டா குண்டான் வைக்கிற இடம். தாராவியில் பரண் என்றால் நாலு பேர் படுத்துத் தூங்குகிற இடம். மராத்திக்காரர்கள் போட்மாளா என்பார்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் தகரம் தலையில் இடிக்கும். அதே பரண் லோயர் பரேல் போனதும் 'லாப்ட்' ஆகிவிட்டது! இரண்டு மாடி உயரத்துக்குக் கூரை, பாதி உயரத்தில் மரத்தளம் போட்டுப் படுக்கை, பூசாத செங்கல் சுவர், வெளியே தெரிகிற இரும்பு உத்தரம். வாடகை மாதத்துக்கு லட்சத்தில் பேசுகிறார்கள்.

இந்த மோகம் நியூயார்க்கில் பிறந்தது. அங்கே சோஹோ பகுதியில் தொழிற்சாலைகள் காலியாகிக் கிடந்தன. 1960களில் கையில் காசில்லாத ஓவியர்கள் அந்தக் கூடங்களில் ஒண்டிக்கொண்டார்கள். 1971இல்தான் அவர்கள் அங்கே வசிக்க விதி இடம் கொடுத்தது. பிறகு பணக்காரர்கள் வந்தார்கள், வாடகை ஏறியது, ஓவியர்களில் பலர் மூட்டை கட்டினார்கள்.

மும்பைக் கதை இன்னும் கசப்பானது. 1982 ஜனவரி 18இல் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது முறைப்படி முடிந்ததாக யாரும் அறிவிக்கவே இல்லை. ஆலைகள் மட்டும் ஒவ்வொன்றாக மூடின. அந்த நிலத்தை என்ன செய்வது? 1991இல் ஒரு நியாயமான விதி வந்தது. திறந்த வெளிக்காக மாநகராட்சிக்கு ஒரு பங்கு, எளியோர் வீடுகளுக்காக வீட்டு வாரியத்துக்கு ஒரு பங்கு, முதலாளிக்கு ஒரு பங்கு. 2001இல் அதைத் திருத்தினார்கள். கட்டடம் இல்லாத காலி மனையை மட்டும் பங்கு போட்டால் போதுமாம்! ஆலை என்றாலே கட்டடம்தானே, காலி மனை எவ்வளவு தேறும்? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2006இல் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

பழைய செங்கலை இடிக்காமல் காப்பாற்றினால் சந்தோஷம்தான். ஆனால் பல இடங்களில் ஆலையே இல்லை. புதுக் கோபுரத்தில் செங்கல் மாதிரி ஓடு ஒட்டி ஆலை வேஷம் போடுகிறார்கள். பஞ்சுத் தூசியை மூச்சில் இழுத்தவன் வீட்டு வாரியக் குலுக்கலில் தன் பெயர் விழுமா என்று காத்திருக்கிறான்.

கோபுரம் உயர்ந்த வேகத்தில் ரயில் நிலையம் வளரவில்லை. ஆலைக் காலத்துக் குறுகிய பாலத்தில் அலுவலகக் கூட்டம் ஏறியது. 2017 செப்டம்பர் 29இல் எல்பின்ஸ்டன் ரோடு நடைபாலத்து நெரிசலில் 23 பேர் செத்தார்கள். நிலையத்துக்கு மறு வருடம் பிரபாதேவி என்று பெயர் மாற்றினார்கள்.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். தாராவிப் பரணில் படித்த பிள்ளைகள் இன்று அதே லோயர் பரேலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறார்கள். மூன்று நான்கு பேராகச் சேர்ந்து அங்கேயே வீடு பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அப்பன் பரணில் படுத்தான் என்பதற்காக மகனும் படுக்க வேண்டுமா?

ஆனால் தரகர் பேச்சில் மயங்க வேண்டாம். "பதினோரு மாசம்தானே தம்பி, பதிவு எதுக்கு?" என்பார். 1999ஆம் வருட மகாராஷ்டிர வாடகைச் சட்டத்தின் 55ஆவது பிரிவு வேறு சொல்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துப் பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தப் பொறுப்பு வீட்டுக்காரருடையது. தவறினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். பதிவு செய்த பத்திரம் இல்லாமல் தகராறு வந்தால், வேறு விதமாக நிரூபணம் ஆகாத வரை, குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனையே எடுபடும். பத்திரம் பதிவாகட்டும், முன்பணத்தை அதற்குப் பிறகு எண்ணலாம்.