சூரியத் தகடும் அளவு நேர்மையும்



நாம் வாழும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி இன்று சூரிய மின்தகடுகள் பிறக்கும் நிலமாகவும் ஆகிவிட்டது. 2021-இல் ஒரகடத்தில் விக்ரம் சோலார் நிறுவனம் ஆண்டுக்கு 1.3 கிகாவாட் தகடுகள் செய்யும் ஆலையைத் திறந்தது. 2024 ஜனவரியில் பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் 3.3 கிகாவாட் ஆலை திறக்கப்பட்டது. ஆயினும் இவ்வாலைகளைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் மின்சாரம் போனால் இருள்தான். வாடகை அறைகளில் தங்கிப் பல ஆலைகளில் முறைவேலை பார்க்கும் இளைஞர்களும், சிறு மக்தப்களை நடத்தும் ஜமாஅத்துகளும், வீட்டில் தையல் தொழில் செய்யும் சகோதரிகளும் இப்போது 'பவர் ஸ்டேஷன்' எனப்படும் மின்கலப் பெட்டிகளை நாடுகின்றனர். அதற்குச் சூரியத் தகடு எது வாங்கலாம் என்று நம்மிடமும் கேட்கின்றனர்.

மார்க்கக் கல்வி போதிப்பவரிடம் இக்கேள்வி ஏன் என்று சிலர் வியக்கலாம். இது அளவையும் நாணயத்தையும் பற்றிய கேள்வி. ஆகவே நம் பதிலும் சுருக்கமானதே: எந்த நிறுவனத்தின் தகடு என்று கேட்பதற்கு முன், எவ்வளவு தேவை, எவ்வளவு கிடைக்கும் என்று அளந்து பாருங்கள்.

முதலில், இப்பெட்டி யாருக்குத் தேவை? சொந்தக் கூரை உள்ளவர்களுக்கு, 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் 'பிஎம் சூர்ய கர்' திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. மின்கட்டணத்தைக் குறைக்க அதுவே சிறந்த வழி. ஆனால் மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்து மின்கலம் இல்லாமல் இயங்கும் அமைப்பு, வெளியே மின்சாரம் போனவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. மின்வெட்டுக்கு மட்டும் தீர்வு தேடும் சொந்த வீட்டாருக்குச் சாதாரண இன்வெர்ட்டரும் பேட்டரியுமே செலவு குறைந்தவை. வாடகைக்கு இருப்போருக்கும், இடம் மாறிச் செல்வோருக்கும், கூரையில் துளையிட உரிமை இல்லாத மக்தப்களுக்குமே கையில் தூக்கிச் செல்லும் பெட்டி பொருந்தும். தேவையில்லாதவர் வாங்கினால் அது வீண்விரயம்.

அடுத்து, தேவையைக் கணக்கிடுவோம். ஒரு சிறு மக்தபை எடுத்துக்கொள்வோம். மஃரிப் முதல் இஷா கடந்து மூன்று மணி நேரம் இரண்டு பிஎல்டிசி மின்விசிறிகள் (தலா 30 வாட்), நான்கு எல்இடி விளக்குகள் (தலா 9 வாட்) இயங்கினால் 96 வாட் வீதம் 288 வாட்-மணி ஆகும். ஒலிபெருக்கிக்கும் கைப்பேசிக்கும் 50 சேர்த்தால் ஏறத்தாழ 340. பெட்டிக்குள் மாற்றத்தில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 400. ஆக 500 வாட்-மணி கொள்ளளவுள்ள பெட்டி போதும். விளம்பரத்தில் 80,000 மில்லியாம்பியர்-மணி என்று பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். 3.7 வோல்ட் கலத்தில் அதன் பொருள் 296 வாட்-மணி மட்டுமே. எப்போதும் வாட்-மணி எண்ணையே கேளுங்கள்.

அப்பெட்டியை நிரப்ப எத்தனை வாட் தகடு வேண்டும்? நம் பகுதியில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஐந்து மணி நேர முழு வெயிலுக்கு இணையான ஒளி கிடைக்கிறது. வெப்பம், தூசி, சாய்வு ஆகியவற்றால் தகட்டின் விளைவு எழுபது விழுக்காட்டளவிலேயே நிற்கும். அப்படியெனில் 100 வாட் தகடு நல்ல நாளில் 350 வாட்-மணி தரும். நம் 400-க்கு அது போதாது. 200 வாட் தகடு 700 தரும். மேகம் மூடிப் பாதியாகக் குறைந்தாலும் 350 கிடைக்கும். எனவே இத்தகைய மக்தபுக்கு 200 வாட் சரியானது.

இங்கேதான் ஏமாற்றம் நுழைகிறது. முழு வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது விழும் ஆற்றல் ஏறத்தாழ 1000 வாட். அதில் இன்றைய நல்ல சிலிக்கான் தகடு மின்சாரமாக மாற்றுவது ஐந்தில் ஒரு பங்கும் அதற்குச் சற்று மேலும்தான். சதுர அடிக் கணக்கில் சொன்னால், ஒரு சதுர அடிக்கு 20 வாட், மிகச் சிறந்ததாயின் 22 வாட். ஆகவே 200 வாட் தகடு சுமார் பத்துச் சதுர அடியாவது இருந்தாக வேண்டும். மூன்றடி நீளமும் ஒன்றரையடி அகலமும் கொண்ட தகட்டின் பின்னால் '200 வாட்' என்று ஒட்டியிருந்தால், அதன் பரப்பு நாலரைச் சதுர அடி. அது 100 வாட்டைத் தாண்டாது. கடைக்குச் செல்லும்போது ஓர் அளவுநாடாவைக் கொண்டு செல்லுங்கள். தகட்டின் பின்புற வில்லையில் இந்தியத் தர நிர்ணய முத்திரையும், சிலிக்கான் தகட்டுக்குரிய ஐஎஸ் 14286 என்ற எண்ணும் உள்ளனவா என்றும் பாருங்கள்.

அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரை எச்சரித்தே திருக்குர்ஆனின் 83-ஆவது அத்தியாயம் தொடங்குகிறது. மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கை விட்ட அண்ணல் நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று அறிவித்தார்கள் நபியவர்கள். கைப்பேசிக் கடைகளும் மின்பொருள் கடைகளும் நடத்தும் நம் சகோதரர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். 'வில்லையை ஒட்டியவன் நானல்லன், வந்ததை விற்கிறேன்' என்று சொல்லித் தப்ப இயலாது. ஈரத்தை மறைத்த தானியமும் வாட்டை மிகைத்த தகடும் ஒன்றே. சந்தேகமுள்ள சரக்கை வாடிக்கையாளர் முன் வெயிலில் வைத்து அளந்து காட்டி, உண்மையான வாட்டுக்குரிய விலையை மட்டும் வாங்குங்கள். இலாபம் குறையலாம், பரக்கத் குறையாது.

மூன்றாவதாகக் கவனிக்க வேண்டியது மின்னழுத்தம். ஒவ்வொரு பெட்டியிலும் சூரிய மின்சாரம் ஏற்கும் வாயில் எத்தனை வோல்ட் தாங்கும் என்று எழுதப்பட்டிருக்கும். சில பெட்டிகள் 28 வோல்ட் வரையும், சில 60 வோல்ட் வரையும் ஏற்கும். தகட்டின் வில்லையில் 'திறந்த சுற்று மின்னழுத்தம்' (விஓசி) என்ற எண் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். வாட் கூடினால் பெட்டி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வோல்ட் கூடினால் பெட்டி பழுதாகும். 100 வாட் சிறு தகடு ஏறத்தாழ 22 வோல்ட் தரும். இரண்டை வரிசையாக இணைத்தால் 44 ஆகும். 28 வோல்ட் பெட்டிக்கு அது ஆகாது, பக்க இணைப்பே பொருந்தும். கூரைகளில் பொருத்தும் 500 வாட்டுக்கு மேற்பட்ட பெரிய சிலிக்கான் தகடு 50 வோல்ட்டை நெருங்கும். ஃபர்ஸ்ட் சோலார் செய்யும் காட்மியம் டெல்லுரைடு மென்படலத் தகடுகளோ 200 வோல்ட்டையும் கடப்பவை. பெரும் மின்நிலையங்களுக்கென உருவானவை. நம் ஊரில் செய்தது என்ற ஆர்வத்தில், எங்கோ மலிவாகக் கிடைத்தது என்று அதைக் கொணர்ந்து பெட்டியில் செருகினால் பெட்டி எரியும்.

மடக்குத் தகடா, கண்ணாடித் தகடா? தினமும் எடுத்துச் செல்பவருக்கு மட்டுமே மடக்குத் தகடு ஏற்றது. விலை அதிகம், ஆயுள் குறைவு. ஓரிடத்தில் வைப்பவர்கள் கண்ணாடித் தகடே வாங்கலாம். காற்றில் பறக்காதவாறு கட்டினால் இருபது ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும்.

வைக்கும் இடத்தை அறிவதில் நமக்கு ஒரு வசதி உண்டு. நிழலைக் கொண்டு லுஹரையும் அஸரையும் அறிந்த சமுதாயம் நாம். நம் பகுதியில் நிழல் மிகக் குறுகும் உச்சிவேளை, ஆண்டின் நாளைப் பொறுத்து ஏறத்தாழ 11:55 முதல் 12:25 வரை அமையும். அதற்கு முன்னும் பின்னும் மூன்று மணி நேரமே தகட்டின் விளைச்சற்காலம். கிப்லா நமக்கு மேற்கிலிருந்து சற்று வடக்கே. தகட்டின் முகமோ தெற்கு நோக்கி, 13 பாகை அளவு சாய்ந்திருக்க வேண்டும். மினாராவின் நிழலோ தண்ணீர்த் தொட்டியின் நிழலோ ஓர் ஓரத்தில் விழுந்தாலும் விளைவு பெருமளவு சரியும். லாரிகள் எழுப்பும் புழுதியை வாரம் ஒருமுறை காலையிலேயே துடையுங்கள். தகடு வெயிலில் இருக்கட்டும். பெட்டி நிழலில் இருக்கட்டும். 45 பாகை செல்சியஸைக் கடந்த சூட்டில் மின்கலத்தை நிரப்புவது அதன் ஆயுளைக் குலைக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையிலும் புறநகர்களிலும் பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய புயல் நாளில் சூரியத் தகடு ஏறக்குறைய பயனற்றது. மழை விட்டு, வெயில் வந்து, மின்சாரம் மட்டும் வராத மறுநாட்களில்தான் அது உதவும். ஆகவே புயல் அறிவிப்பு வந்தவுடன் மின்வாரிய மின்சாரத்திலேயே பெட்டியை நிரப்பி வையுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைப்பது என்பது இதுவே.

நிறைவாக, முத்தவல்லிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஜமாஅத்தின் பணம் அமானிதம். வார இறுதியில் பத்து ரூபாய் போட்ட தொழிலாளியின் வியர்வை அதில் இருக்கிறது. வாங்கும் முன் தேவையின் கணக்கு, தகட்டின் நீள அகலம், வோல்ட் எண், விலை ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கணக்குத் தெரிந்த இளைஞர் எவரேனும் பிழை கண்டு சொன்னால், பணம் கைமாறுவதற்கு முன்பே திருத்திக்கொள்ளலாம்.

விற்பதிலும் வாங்குவதிலும் அளவு தவறாதோராக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.