வீட்டுக்கு நர்ஸ் வந்தால் மட்டும் போதுமா?

‘நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்ணிடலாம்’ என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் என்ன நடக்கும்? கட்டிலை எந்த அறையில் போடுவது, பெட்பேன் யார் வாங்கி வருவது, ராத்திரி மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது என்று ஆளாளுக்குப் பேசுவோம். கடைசியில் யாராவது ஒருவர், ‘ஒரு ஹோம் நர்ஸ் போட்டுடலாம்... கவலை விட்டுது!’ என்பார். எல்லோரும் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவோம்.

கவலை அத்தோடு விட்டுவிடுமா? விடாது என்பதுதான் என் கட்சி.

நர்ஸ் வருகிறார். கட்டுப் போடுகிறார், ஊசி போடுகிறார், துடைத்துவிடுகிறார். நல்ல பெண்தான். ஆனால், புண் ஆறுகிறதா, இல்லை, உள்ளுக்குள் ஆழமாகிக்கொண்டே போகிறதா என்று வந்து பார்த்துச் சொல்ல இன்னொருவர் உண்டா? அந்தப் பெண்ணுக்கே ஒரு சந்தேகம் வந்தால், அவர் யாருக்கு போன் போடுவார்?

அந்த ‘இன்னொருவர்’ பற்றித்தான் இந்தக் கட்டுரை. பிரிட்டனில் வீடு தேடிப் போகும் நர்ஸ்கள் குழுவில் அவருக்கென்று ஒரு நாற்காலியே உண்டு. ‘டெபுடி டீம் லீடர்’, அதாவது குழுத் தலைவிக்கு அடுத்தவர். நாற்காலி உண்டே தவிர, அதில் உட்கார நேரம் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்!

லிவர்பூலில் தொடங்கிய வேலை

1859-ம் வருஷம். லிவர்பூல் நகரத்தில் வில்லியம் ராத்போன் என்று ஒரு பெரிய வியாபாரி. அவருடைய மனைவி மரணப் படுக்கையில் இருந்தபோது, மேரி ராபின்சன் என்ற நர்ஸ் வீட்டோடு இருந்து கவனித்துக்கொண்டார். மனைவி போன பிறகு ராத்போனுக்கு ஒரு யோசனை. ‘பணக்காரன் வீட்டுக்கே இந்தக் கவனிப்பு இவ்வளவு ஆறுதல் என்றால், ஏழை வீட்டுக்கு எப்படி இருக்கும்?’ அதே நர்ஸுக்குத் தன் கையிலிருந்து சம்பளம் கொடுத்து, ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார்.

ஒரு நர்ஸ் போதவில்லை. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலிடம் யோசனை கேட்டார். லிவர்பூலிலேயே நர்ஸ் பயிற்சிப் பள்ளி ஆரம்பமானது. நகரத்தை 18 வட்டாரங்களாகப் பிரித்து வேலையைப் பங்கு போட்டார்கள். ‘டிஸ்ட்ரிக்ட் நர்ஸ்’ என்ற பெயர் வந்தது அந்த வட்டாரக் கணக்கினால்தான். நம்ம ஊர் மாவட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்!

1887-ல் விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்குப் பெண்கள் சேர்த்துக் கொடுத்த பணத்திலிருந்து, இந்த நர்ஸ்களுக்குப் பயிற்சி தர ஓர் அமைப்பு உருவானது. 1948 ஜூலை 5-ம் தேதி பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது, வீடு தேடி வரும் நர்ஸ் எல்லோருக்கும் இலவசம் என்றானது. இன்றைக்கும் அப்படித்தான்.

யார் இந்த டெபுடி?

ஒரு குழுவில் பல படிகள். கீழ்ப்படியில் உதவியாளர்கள். அதற்கு மேல் ‘பேண்டு 5’ என்ற சம்பளப் படியில் ஸ்டாஃப் நர்ஸ்கள். பொதுவாக ‘பேண்டு 6’-ல் டெபுடி, ‘பேண்டு 7’-ல் டீம் லீடர். வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர் கொஞ்சம் மாறும். வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

இவர்களின் நோயாளிகள் யார்? வெளியே நடமாட முடியாதவர்கள். காலில் ஆறாத புண் உள்ளவர்கள், தானே இன்சுலின் போட்டுக்கொள்ள முடியாத முதியவர்கள், சிறுநீர்க் குழாய் வைத்திருப்பவர்கள், புற்றுநோய் முற்றி, ‘கடைசி நாட்களை வீட்டிலேயே கழிக்கிறேன்’ என்று சொன்னவர்கள்.

காலையில் டெபுடியின் முன்னால் ஒரு பட்டியல் வரும். இன்சுலின் ஊசி சாப்பாட்டு நேரத்தை ஒட்டிப் போட வேண்டும், அது காத்திருக்காது. வலிக்கான மருந்தைத் தோலுக்கு அடியில் 24 மணி நேரமும் சிறுகச் சிறுகச் செலுத்தும் ‘சிரிஞ்ச் டிரைவர்’ என்ற சின்ன இயந்திரத்தை மருந்து தீர்வதற்குள் நிரப்பியாக வேண்டும். யாருக்கோ சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது என்று போன் வரும். வயிறு உப்பித் துடித்துக்கொண்டிருப்பார், உடனே போகணும். அதே நேரம் இரண்டு நர்ஸ்கள், ‘காய்ச்சல், இன்னிக்கு வர முடியலை’ என்பார்கள்.

யாரை எங்கே அனுப்புவது? எந்தக் கட்டு நாளை வரை தாங்கும், எது தாங்காது? உதவியாளர் போனால் போதுமா, நர்ஸே போகணுமா? இந்த முடிவுகளை எடுப்பவர்தான் டெபுடி. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால், ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று தவறான வீட்டைத் தள்ளிப் போட்டால், அங்கே ஒருவர் வலியில் ராத்திரியைக் கழிப்பார்.

பட்டியலைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அவரும் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவார். புதிய நோயாளியின் முதல் பரிசோதனை, சிக்கலான புண், சாகும் தறுவாயில் இருப்பவர்... இவை பெரும்பாலும் அவர் பங்கு. புதிதாகச் சேர்ந்த நர்ஸோடு கூடவே போய், அவர் வேலை செய்வதைப் பார்ப்பதும் உண்டு. சாயங்காலம் தனித்தனியாகப் போனவர்கள் அத்தனை பேரும் பத்திரமாக வேலையை முடித்தார்களா என்றும் பார்க்க வேண்டும். முன்பின் தெரியாத வீட்டுக்குள் ஒற்றையாகப் போகிற வேலையாயிற்றே!

இரண்டாவது கண் எதற்கு?

‘ஒரு நல்ல நர்ஸ் இருந்தா போதாதா? அவளை இன்னொருத்தி வேவு பார்க்கணுமா?’ என்று நீங்கள் கேட்கலாம். வேவு பார்ப்பது இல்லைங்க. விளக்கமாகச் சொல்கிறேன்.

தினமும் பார்க்கிற குழந்தை வளர்வது பெற்றவர்களுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து வருகிற சித்திதான், ‘அடேயப்பா, என்ன உயரம்!’ என்பாள். புண்ணும் அப்படித்தான். தினம் தினம் கட்டுப் போடுகிற கண்ணுக்கு அது மெல்ல மெல்லப் பெரிதாவது தெரியாமல் போகும். அதனால்தான் அங்கே புண்ணின் நீள அகலத்தை அளந்து எழுதுகிறார்கள், படம் எடுத்து வைக்கிறார்கள், அவ்வப்போது மூத்த நர்ஸ் ஒருவர் வந்து பார்க்கிறார்.

காலில் ஆறாத புண் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் மேலே திரும்பாமல் காலிலேயே தேங்குவதால் வந்த புண் என்றால், இறுக்கமான பாண்டேஜ் கட்டுவதுதான் நல்ல வைத்தியம். அதுவே, காலுக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய் அடைத்திருந்தால்? அதே இறுக்கமான கட்டு காலுக்கே ஆபத்து! அதனால் கட்டும் முன்பு ‘டாப்ளர்’ கருவியை வைத்துக் கணுக்கால் ரத்த அழுத்தத்தையும் கை ரத்த அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கட்டுவதற்குக் கை போதும். கட்டலாமா, கூடாதா என்று முடிவு செய்யத் தனிப் பயிற்சி வேண்டும்.

படுக்கைப்புண்ணும் அப்படியே. ‘தோல் சிவந்தால் ஜாக்கிரதை’ என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நம்மைப் போன்ற மாநிறம், கறுப்புத் தோலில் சிவப்பு எங்கே தெரியும்? முதுகின் அடிப்பக்கம், இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களைக் கையால் தொட்டுப் பார்க்கணும். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக, கெட்டியாக அல்லது கொழகொழவென்று இருந்தாலோ, தொட்டால் வலித்தாலோ, அதுதான் முதல் எச்சரிக்கை. இதைச் சொல்லித் தர ஒரு மூத்தவர் இல்லாமல் போனால், தோல் கிழிந்த பிறகுதான் தெரியும்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி

இவ்வளவு முக்கியமான வேலைக்கு அங்கே மட்டும் மரியாதை ஓஹோ என்று இருக்கிறதா? அப்படியும் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் தேசிய சுகாதார சேவையில் இருந்த டிஸ்ட்ரிக்ட் நர்ஸ்கள் 2009-ல் சுமார் 7,000 பேர். பத்து வருஷத்துக்குள் அது சுமார் 4,000 ஆகிவிட்டது. முதியவர்கள் எண்ணிக்கையோ ஏறிக்கொண்டே போகிறது.

ஆஸ்பத்திரியில் கட்டில் நிரம்பினால் ‘பெட் இல்லை’ என்று சொல்லிவிடலாம். வீட்டு நர்ஸிங்குக்கு ஏது கட்டில் கணக்கு? ஆஸ்பத்திரி அனுப்ப அனுப்ப, பட்டியல் நீண்டுகொண்டே போகும். மேலே இருப்பவர்கள், ‘எப்படியாவது சமாளிங்க’ என்பார்கள். கீழே இருப்பவர்கள், ‘இதுக்கு மேல முடியாது’ என்பார்கள். இரண்டு பக்கமும் இடி வாங்குவது நடுவில் இருக்கும் டெபுடி. ஆள் பற்றாக்குறை வந்தால் முதலில் காணாமல் போவது எது தெரியுமா? அவர் மற்றவர்களின் வேலையைப் போய்ப் பார்க்கும் நேரம்! அவரையும் ஊசி போடவும் கட்டுப் போடவும் முழு நாளும் அனுப்பிவிடுவார்கள். பதவியின் பெயர் மட்டும் மிஞ்சும். இரண்டாவது கண் மூடிவிடும். இது சிக்கனம் இல்லை, வீண் செலவு என்பேன். இன்று பார்க்காமல் விட்ட குதிகால், நாளை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குத்தான் போகும்.

‘மேலே ஓர் அதிகாரி எதற்கு? நர்ஸ்களே சேர்ந்து பார்த்துக்கொள்ளட்டுமே’ என்று சொல்பவர்களும் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. நெதர்லாந்தில் 2006-ல் யோஸ் டி ப்ளாக் என்ற நர்ஸ் தொடங்கிய ‘பூர்ட்ஸோர்க்’ அமைப்பில், 12 பேருக்கு மிகாத குழுக்கள் தலைவி இல்லாமலே நடக்கின்றன. ஆனால், அங்கே ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்க்க ஒரு குழு இருக்கிறது, முட்டிக்கொண்டால் யோசனை சொல்லப் பயிற்சியாளர் இருக்கிறார். ஆக, பட்டம் இல்லாமல் இருக்கலாம். இரண்டாவது கண் இல்லாமல் இருக்க முடியாது.

நம் வீட்டுக் கதை என்ன?

இந்தியாவில் படித்த நர்ஸ்கள் ஆயிரக்கணக்கில் பிரிட்டனில் வேலை பார்க்கிறார்கள். நம் பெண்களும் அதில் உண்டு. வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் பேண்டு 5-ல்தான் சேர்கிறார்கள். வீட்டில் பெண்ணோ மருமகளோ அங்கே இருந்தால், ‘சம்பளம் எவ்வளவு?’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘உனக்குச் சந்தேகம் வந்தா யாரைக் கேட்பே?’ என்றும் கேட்டுப் பாருங்கள். அந்த அமைப்பு எப்படி நடக்கிறது என்று புரியும்.

நம்ம ஊரில் இந்த ஏற்பாடே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கிராம சுகாதார நர்ஸுக்கு மேலே பகுதி சுகாதார நர்ஸ், அவருக்கு மேலே சமுதாய சுகாதார நர்ஸ் என்று தமிழ்நாட்டு அரசில் படிகள் உண்டு. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருகிறார்கள்.

பணம் கொடுத்து ஹோம் நர்ஸ் வைக்கும் நடுத்தரக் குடும்பங்களில்தான் பல நேரம் இந்த மேற்பார்வை இருப்பதில்லை. ஏஜென்சி ஓர் ஆளை அனுப்புகிறது. அதோடு சரி.

எனவே, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

1. வருகிறவர் நர்ஸிங் படித்து கவுன்சிலில் பதிவு செய்தவரா, பயிற்சி பெற்ற உதவியாளரா? இரண்டு பேரும் தேவைதான். ஆனால், ஊசியும் புண்ணும் யார் கையில் என்று தெரிந்திருக்க வேண்டும்.

2. அவருடைய வேலையை வந்து பார்க்கும் மூத்த நர்ஸ் யார்? எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார்?

3. ராத்திரி சந்தேகம் வந்தால் எந்த நம்பருக்குப் பேசுவது? எடுப்பவர் நர்ஸா, ஆபீஸ் கிளார்க்கா?

4. புண்ணின் அளவு, சர்க்கரை அளவு, கொடுத்த மருந்து எல்லாம் தினமும் எழுதும் நோட்டு வீட்டிலேயே இருக்குமா?

5. இவர் லீவு போட்டால், அந்த நோட்டைப் படித்துவிட்டு வேலையைத் தொடர யார் வருவார்?

இரண்டாவது கேள்விக்குப் பதில் வரும்போது கட்டணமும் கூடவே வரலாம். ‘சும்மா வந்து அஞ்சு நிமிஷம் பார்த்துட்டுப் போறதுக்குக் காசா?’ என்று முகம் சுளிக்காதீர்கள். அந்த ஐந்து நிமிஷத்துக்குத்தான் முக்கியமாகக் காசு கொடுக்க வேண்டும். அம்மாவின் குதிகாலைத் திருப்பிப் பார்த்து, ‘கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைங்க, குதிகால் மெத்தையில் படவே கூடாது’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால், வரவிருந்த பல மாத வேதனை அங்கேயே தடுக்கப்பட்டுவிடும்.